உப்புப் பூத்த சுவரும் 1706 என்ற கல்லும்

பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறு பட்டினத்தில், சந்தையில் இருந்து கூப்பிடு தூரத்தில், வீதியோரமாக நிற்கும் பழைய வேதக்கோயிலைப் பற்றிய பதிவு இது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று சபையார் கேட்டுக்கொண்டார்கள். அதை மதித்து எழுதுகிறேன். நான் அந்தச் சபையின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தப் போகிற வேறு சபையாருக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ உதவட்டும் என்று, நாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சபையில் இன்று நாற்பது குடும்பம் வரை இருக்கும். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழியில் வளர்ந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த சபை. கட்டடம் சபையைவிடப் பழையது. நீண்ட செவ்வக மண்டபம், இரண்டரை அடித் தடிப்பில் முருகைக்கற் (கடற்பவளக் கல்) சுவர், இரு பக்கமும் வரிசையாக வளைவு யன்னல். போர்க்காலத்தில் கூரை போய்விட்டது. சனம் திரும்பி வந்தபோது பனங் கைமரமும் பீலி ஓடும் போட வசதி இருக்கவில்லை, சீற் போட்டார்கள். சுவரில் விழுந்திருந்த பள்ளங்களைச் சீமெந்தால் பூசினார்கள். நனையாமல் இருந்து ஆராதனை நடத்தினால் போதும் என்றிருந்த காலம் அது. அன்று பூசியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒவ்வொரு மாரியும் முடிந்து தை பிறக்கும்போது உட்சுவரின் பூச்சு தகடு தகடாக விழும். மூன்று முறை திரும்பப் பூசினோம். மூன்றாம் முறை பூசியது அடுத்த தைக்கே விழுந்தது. அப்போதுதான் ஒஸ்லோவில் இருக்கும் சபையின் பழைய பிள்ளை ஒருவர் முழுச் செலவையும் தான் ஏற்பதாக எழுதினார். இங்கேயே ஞானஸ்நானம் பெற்று, இளவயதில் புலம்பெயர்ந்து போனவர். அவருடைய திட்டம் மூன்று: சுவர் முழுவதையும் புதிதாகச் சீமெந்தால் பூசுவது, முகப்பில் நோர்வேக் கோயில்களைப்போல ஒரு கூர்ங்கோபுரம் எழுப்புவது, வாசலில் ஒரு கருங்கல் பதிப்பது. கல்லில் இருக்கவேண்டிய வாசகத்தையும் அனுப்பியிருந்தார். 1706இல் லுத்தரன் மிஷனரிகளால் கட்டப்பட்டது என்று அதில் இருந்தது.

குழுவில் பெரும்பாலானோருக்குச் சந்தோஷம். எனக்கு அந்த ஆண்டும் உறுத்தியது, சீமெந்தும் உறுத்தியது.

1706 எங்கிருந்து வந்தது

அவர் அதைக் கற்பனையாக எழுதவில்லை. பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு ஞாபகார்த்த மலரில் அப்படி இருந்தது. சபையின் மிக மூத்த அம்மா ஒருவரும் “உது ஜேர்மன்காரர் கட்டின கோயில் எண்டு எங்கட அப்பு சொல்லுவார்” என்றார். மூன்றாவதாக, பீடத்து அலுமாரியில் அட்டை கழன்ற ஒரு பழைய பாட்டுப் புத்தகம் இருந்தது. அதில் ஜேர்மன் ஞானப்பாட்டுகளின் தமிழாக்கங்கள் நிறைய.

இந்த மூன்றுக்கும் பின்னால் உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. அதனால்தான் பிழை இவ்வளவு காலம் நிலைத்தது. சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 யூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இருவரும் ஜேர்மன்காரர், மார்ட்டின் லூத்தரின் வழிவந்த லுத்தரன்கள். அனுப்பியவர் டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் அரசராக இருந்த நான்காம் பிரெடரிக். ஒஸ்லோக்காரருக்கு இதில் மனம் ஒட்டியது இயல்புதானே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது. சிலுவை வடிவம். அடுத்த ஆண்டே அவர் இறந்து அதற்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி இந்தக் கரை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் சிலுவை வடிவம்தான். அதன் ஆண்டும் 1706. கடலுக்கு இரு பக்கமும் ஒரே ஆண்டு, ஒரே வடிவம். மலரை எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கி எங்கள் ஊருக்கு இறக்கிவிட்டார் என்பதுதான் நான் கண்ட விளக்கம். கோட்டைத் தேவாலயம் போரில் தரைமட்டமாகிவிட்டது. கண்ணால் பார்த்து ஒப்பிட இன்று ஒன்றுமில்லை என்பதும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோனது.

ஒல்லாந்தர் லுத்தரன்கள் அல்லர், கல்வினின் வழிவந்த சீர்திருத்த சபையினர். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் புரட்டஸ்தாந்தம்தானே என்று தோன்றும். உள்ளே போனால் வித்தியாசம் தெரியும். லூத்தர் பீடத்தையும் சிலுவை உருவையும் மெழுகுவர்த்தியையும் விட்டுவைத்தார். வசனத்துக்கு முரணாகாதது இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவருடைய போக்கு. சீர்திருத்த சபையார் பீடத்தை எடுத்தார்கள், உருவங்களை எடுத்தார்கள், சுவரை வெள்ளையடித்தார்கள், பிரசங்க மேடையை எல்லாக் கண்ணும் படும் இடத்தில் வைத்தார்கள். 1658இல் போர்த்துக்கேயரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, ஊர்களில் இருந்த கத்தோலிக்கக் கோயில்களை அவர்கள் இப்படித்தான் மாற்றினார்கள். இங்கே போதகராக இருந்த பல்தேயஸ் 1672இல் அச்சிட்ட நூலில் அந்த ஊர்க் கோயில்களைப் படங்களோடு விவரித்திருக்கிறார். எங்கள் ஊரும் அதில் வருகிறது. சங்கானையில் இடிந்து நிற்கும் முருகைக்கற் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு எங்கள் சுவரும் அந்தக் குடும்பம் என்பது சட்டெனப் புரியும்.

அப்படியென்றால் அந்த அம்மாவின் அப்பு சொன்னது வெறும் கதையா? இல்லை. தரங்கம்பாடியின் காற்று இங்கே வீசத்தான் செய்தது. லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் 1760இல் இலங்கைக்கு வந்துபோனார். அவரிடம் வளர்ந்த கிறிஸ்டியன் டேவிட் ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1824இல் கல்கத்தாவில் பிஷப் ஹீபரின் கையால் ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். பாட்டுப் புத்தகத்தில் இருந்த தமிழாக்கங்களில் பல, லுத்தரன் மிஷனரியான பப்ரீசியஸ் காலத்தவை. பாட்டு வந்தது, புத்தகம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். கட்டடம் மட்டும் அவர்கள் கட்டியதல்ல.

சுவரில் கண்டவை

குழுவிடம் ஒரு மாரி முழுவதும் அவகாசம் கேட்டேன். முணுமுணுப்பு இருந்தது. “காசு வாற நேரத்தில என்ன பாக்கிறியள்?” என்று பொருளாளர் நேரடியாகவே கேட்டார். போதகர் ஐயா என் பக்கம் நின்றார். ஐப்பசியில் இருந்து தை வரை கிழமைக்கு ஒருமுறை போய், சுவரில் ஈரம் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் திகதி போட்டேன்.

முதல் கிழமையிலேயே ஒன்று தெரிந்தது. கூரை ஒழுக்குத்தான் காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். ஈரம் மேலிருந்து இறங்கவே இல்லை, கீழிருந்து ஏறியது. வீதிப் பக்கச் சுவரில் மார்கழி நடுவில் கோடு என் இடுப்பைத் தாண்டியது. வளவுப் பக்கச் சுவரில் முழங்காலோடு நின்றது.

காரணம் தேடியபோது மூன்று விசயம் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் வீதி போடும்போது வீதி உயர்ந்திருந்தது. கோயில் வளவு பள்ளமாகி, வீதி வெள்ளம் நேரே சுவரடிக்கு வந்தது. சீற் கூரைக்குப் பீலி பூட்டாததால் கூரைத் தண்ணீரும் அதே இடத்தில் கொட்டியது. மூன்றாவது சீமெந்து. முருகைக்கல் பஞ்சுபோலத் துளை நிறைந்த கல். ஈரத்தைக் குடிக்கும், வெயில் அடித்தால் விடும். முன்னோர் அதன்மேல் பூசிய சுண்ணாம்பும் அப்படித்தான், அதனால் சுவர் மூச்சுவிட்டது. காங்கேசன்துறையில் 1950இல் ஆலை வந்தபிறகு சீமெந்து நம் வீட்டுப் பொருளாகிவிட்டது, எதற்கும் அதுதான் மருந்து. அந்த இறுகிய பூச்சுக்குப் பின்னால் ஈரம் அடைபடும். வெளியேற வழி தேடி மேலே மேலே ஏறும். கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறும். தையில் காயத் தொடங்கும்போது உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, விரிந்து, பூச்சைத் தள்ளிவிடும். விழுந்த தகடு ஒன்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சுபோல அரை விரல் உயரத்துக்கு உப்பு முளைத்திருந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது. பூச்சு விழுந்த இடத்தில் முருகைக்கல்லை விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பூச்சு விழுந்தால் திரும்பப் பூசலாம், கல் மாவாகினால் என்ன செய்வது? நாங்கள் மூன்று முறை பூசியது மூன்று முறை சுவரைத் தின்றிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

மாசியில் குழு கூடியது. பென்சில் கோடுகளின் படங்களையும் அந்தத் தகட்டையும் மேசையில் வைத்தேன். தகடு பேசியதுபோல நான் பேசியிருக்க முடியாது. நான்கு முடிவுகள் எடுத்தோம்.

முதலில் தண்ணீரைத் திருப்புவது: வீதியோரம் வாய்க்கால், கூரைக்குப் பீலி, சுவரடியில் போட்டிருந்த சீமெந்துத் தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிடுதல். இதற்குச் சபையின் காசே போதும், ஒஸ்லோவின் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்தது, வீதிப் பக்கச் சுவரில் ஒரு யன்னலுக்கும் அடுத்த யன்னலுக்கும் இடைப்பட்ட துண்டில் மட்டும் சீமெந்தை உரித்துச் சுண்ணாம்புச் சாந்தால் பூசிப் பார்ப்பது. ஒரு மாரி தாங்கினால்தான் மற்றத் துண்டுகள். கோபுரம் வேண்டாம் என்பது மூன்றாவது. நனைந்து பலமிழந்த சுவரின் மேல் புதிய பாரம் ஏற்றும் பொறுப்பை நான் எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். நான்காவது, கல்லில் என்ன எழுதுவது என்பதைக் கடைசிக்கு விடுவது.

தொல்லியல் அலுவலர் ஒருவரிடமும் போதகர் ஐயா ஆலோசனை கேட்டார். எடுக்கும் ஒவ்வொன்றையும் படம் பிடித்துவிட்டு எடுங்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. நாங்கள் தலையாட்டினோம்.

அந்தக் காலை

உரிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள். எழுபது தாண்டிய மேசன் ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருந்தார், தகப்பனோடு சேர்ந்து சுண்ணாம்பு நீற்றிய கை. அன்று அவருக்குச் சுகமில்லை. அவருடைய உதவியாள் வந்திருந்தார், நல்ல பிள்ளை, வேலைக்குக் கள்ளமில்லாதவர். நான் மணல் கொண்டுவந்தவர்களுக்குக் காசு எடுக்க வங்கிக்குப் போனேன். வரிசை நீண்டிருந்தது. திரும்பி வரப் பத்தரை மணியாகிவிட்டது.

சீமெந்து போயிருந்தது. அதற்குக் கீழே பழைய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெங்காயத்தோல்போல அடுக்கடுக்காக வெள்ளையடித்த தடங்கள். உதவியாள் பூச்சை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று நினைத்து உளியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்கு மேலே, அடுக்குகளுக்கு நடுவில், காவி நிறத்தில் ஏதோ தெரிந்தது. “தம்பி, நிப்பாட்டு” என்று கத்தினேன். நின்றார். மூன்று எழுத்து மீதியிருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. தேவனு. அதற்குப் பிறகு வந்த எழுத்துகள் கீழே கூடையில், சல்லியாக.

கூடையைச் சாக்கில் கொட்டி இரண்டு நாள் பொறுக்கினோம். காவி பட்ட துண்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. ஒரு எழுத்துக்கூடச் சேரவில்லை. அந்தப் பிள்ளை முகம் கொடுக்க முடியாமல் நின்றார். பிழை அவருடையதல்ல, எதை எடுக்க வேண்டும், எதோடு நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லாமல் போனவன் நான்.

மீதி மூன்று எழுத்தும் நிறையச் சொல்லின. “தே”யின் கொம்பு மேலே சுழித்த கொம்பு. பழைய எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். நெடிலுக்குக் கொம்பைச் சுழிக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம். 1706இல் ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது. அடுத்தது அந்தச் சொல்லே. தரங்கம்பாடி வேதாகமத்தில் சீகன்பால்கு சருவேசுரன் என்று எழுதினார். பப்ரீசியஸ் பராபரன் என்று எழுதினார். லுத்தரன் சபையார் பப்ரீசியசின் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். வேதாகமத்தில் தேவன் என்ற சொல் யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்த பீற்றர் பேர்சிவல் ஐயர் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் வருகிறது. பவர் என்ற மிஷனரியின் தலைமையில் திருத்தி 1871இல் வந்த வேதாகமம் அதை நிலைநாட்டியது. தேவன் என்ற சொல் பாட்டிலும் ஜெபத்திலும் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனாலும் வசனத்தைச் சுவரில் எழுதும் ஒரு லுத்தரன் கை பராபரன் என்றுதான் போயிருக்கும். அந்தக் காவி எழுத்து அமெரிக்க மிஷன் காலத்துச் சபையாரின் கை என்பதுதான் பொருத்தம்.

அதே துண்டில் இன்னொன்றும் கிடைத்தது. இரண்டு யன்னலுக்கும் நடுவே, தரையில் இருந்து ஐந்தடி உயரத்தில், கல் அடைத்த ஒரு சிறு வளைவு. அதற்குக் கீழே சுவரில் பதிந்த மரக்கட்டைகளின் பொந்துகள். நீளச்சுவரின் நடுவில் ஒரு காலத்தில் பிரசங்க மேடை தொங்கியிருக்கிறது என்று மேசன் ஐயா சொன்னார். சுற்றிவர இருந்து பிரசங்கம் கேட்கும் சீர்திருத்த சபை முறை என்று நான் சந்தோஷப்பட்டேன். லுத்தரன் இல்லை என்பதற்குக் கட்டடமே சாட்சி என்று ஒஸ்லோவுக்கு உடனே எழுதினேன்.

ஒஸ்லோவில் இருந்து வந்த பதில்

அங்கே அவர் போகும் சபையின் போதகரிடம் என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். பத்து நாளில் தொலைபேசி வந்தது. குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

“அண்ணை, தோர்காவ் எண்ட இடத்தில லூத்தரே 1544இல பிரதிஷ்டை பண்ணின கோயில் இருக்காம். லுத்தரன்கள் எண்டே கட்டின முதல் கோயில். அதில பிரசங்க மேடை நீளச்சுவரின்ர நடுவிலதானாம் இருக்கு. அப்ப நீங்கள் சொல்லுறது?”

அவர் சொன்னது சரி. நான் வாசித்த அளவில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மேடை இருந்த இடத்தை மட்டும் வைத்து இது அந்தச் சபை, இது இந்தச் சபை என்று பிரிக்க முடியாது. “ஓம் தம்பி, அந்த வரியை நான் மீளப் பெறுகிறன்” என்றேன். பிறகு பல்தேயசைப் பற்றியும், இரண்டு 1706களைப் பற்றியும், மூன்று எழுத்தைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். எழுத்தின் படத்தை அனுப்பினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்த இடத்துக்குக் கீழதான் அம்மா இருக்கிறவ, பெண்கள் பக்கத்து மூன்றாவது வாங்கு” என்றார்.

அதற்குப் பிறகு கோபுரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பணத்தில் பாதியைத்தான் அனுப்பினார். மீதி ஒரு மாரி பார்த்தபிறகு என்றார். ஒரு துண்டைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் முறைக்கு அது ஒத்துப்போனது.

சாந்து

கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது இன்று சட்டப்படி தடை, எடுக்கவும் கூடாது. மாவாகிப்போன கற்களுக்குப் பதிலாக, இடிந்துபோன பழைய வீடு ஒன்றின் கற்களை அதன் உரிமையாளர் தந்தார். சுண்ணாம்புக்கு முதலில் கடைப்பொதியில் வரும் தூளை வாங்கினோம். மேசன் ஐயா ஒரு பிடி எடுத்து நீரில் போட்டார். சூடு வரவில்லை, கொதிக்கவில்லை. “உது செத்த சுண்ணாம்பு” என்றார். ஏற்கெனவே நீறிப்போனது, இனிக் கொதிக்காது. நீறாத கல்லாகத் தேடி வாங்கி, குழியில் போட்டுத் தண்ணீர் விட்டபோது புகைந்து கொதித்தது. ஒன்றரை மாதம் தண்ணீருக்குள்ளேயே வைத்தோம். எடுத்தபோது வெண்ணெய்போலக் கரண்டியில் ஒட்டியது. மூன்று பங்கு கழுவிய மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. பனங்கட்டி கரைத்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார்; வெளிப்பூச்சுக்கு மட்டும் சிறிது சேர்த்தோம்.

முதற்பூச்சு பழுதாகியது. இரண்டு காரணம். சித்திரை வெயிலில் பூசினோம். சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காற்றில் இருந்து இறுக வேண்டியது, ஒரே நாளில் காய்ந்து வெடித்தது. மற்றது, சாந்து குழைத்த தண்ணீர். கோயில் கிணறு உவர். குடிக்க எடுப்பதில்லை, ஆனால் கட்டடத்துக்கு அதைத்தானே காலகாலமாகப் பாவிக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. உப்பை வெளியேற்ற என்று சுவரை உரித்துவிட்டு, உப்புத் தண்ணீரையே திரும்பப் பூசியிருக்கிறோம். மூன்றாம் கிழமை பூச்சில் வெள்ளை படர்ந்தது.

எல்லாவற்றையும் எடுத்தோம். பவுசரில் நன்னீர் கொண்டுவந்து கல்லைத் திரும்பத் திரும்பக் கழுவினோம். பலமில்லாத சுண்ணாம்புச் சாந்தை மெல்லியதாக அப்பி, அது உப்பை உறிஞ்சியபின் உரித்து எறிந்தோம், இரண்டு தடவை. ஆவணியில் திரும்பப் பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மூன்று கிழமை ஈரம் காத்தோம். சாக்கு நனைக்கும் வேலையை ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் முறைபோட்டுச் செய்தார்கள்.

இரண்டு மாரிக்குப் பிறகு

முதல் மாரியில், தண்ணீர் திருப்பியதாலேயே, வீதிப் பக்கச் சுவர் முழுவதிலும் ஈரக்கோடு முழங்காலுக்கு இறங்கியது. சுண்ணாம்பு பூசிய துண்டில் ஈரம் ஏறியது தெரிந்தது, தையில் காய்ந்தது, பூச்சு விழவில்லை. அடியோரத்தில் உப்பு மெல்லிய தூளாக வெளியே வந்தது. தும்புத்தடியால் தட்டிவிடுகிறோம். உப்பு வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது என்று சபையாருக்கு விளங்கப்படுத்தக் கொஞ்சம் நாள் பிடித்தது. “திரும்பவும் பூக்குதே” என்று கவலைப்பட்டவர்கள் பலர்.

இரண்டாம் மாரிக்கு முன் அந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று துண்டு முடித்தோம். ஒன்று சரிவரவில்லை. அதற்கு வெளியே கை கழுவும் தொட்டி இருக்கிறது. தொட்டியை இடம் மாற்றியபிறகுதான் அது காயத் தொடங்கியிருக்கிறது.

மீதிப் பணம் வந்தது. வாசற் கல்லும் வைத்தோம், சிறியது. சுவர்கள் ஒல்லாந்தர் காலத்துக் கோயிலுடையவை என்றும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் இதைத் திருத்தி ஆராதனை நடத்தியது என்றும், போருக்குப் பின் சபையார் மீட்டெடுத்தார்கள் என்றும் மூன்று வரி. கட்டிய ஆண்டு என்று எதையும் எழுதவில்லை. பழைய பாட்டுப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தரங்கம்பாடியில் இருந்து பாட்டு எப்படி இங்கே வந்தது என்று ஒரு பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆடி விடுமுறைக்கு வந்த ஒஸ்லோக்காரர் அதை இரண்டு முறை வாசித்தார். ஜேர்மன்காரர் கதை சொன்ன அம்மாவுக்கு அதைப் போதகர் ஐயா வாசித்துக் காட்டியபோது, “அப்ப அப்பு சொன்னதில பாதி சரி” என்றார்.

அடுத்த முறை மாற்றுவது

தண்ணீரைத் திருப்புவதை முதலாவதாகச் செய்து, வேறு ஒன்றிலும் கை வைக்காமல் ஒரு மாரி பொறுத்திருப்பேன். எங்கள் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்திருக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதை மணல், சுண்ணாம்பு கேட்பதற்கு முன்பே கேட்பேன். பங்குனி, சித்திரையில் சுண்ணாம்பு பூசமாட்டேன். கட்டடத்தில் ஒரு தடயம் கண்ட அன்றே கடிதம் எழுதமாட்டேன்.

உரிப்பதற்கு இப்போது வேறு ஒழுங்கு. சீமெந்தை மட்டும், கை அகலத் துண்டாக, மேலிருந்து கீழ். பழைய சுண்ணாம்பு தெரிந்ததும் உளியைக் கீழே வைத்துவிட வேண்டும். படம், அளவு, திகதி. குழுவில் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேலை நடக்காது. அந்த உதவியாளே இப்போது இதில் எல்லோரையும்விடக் கவனம். போன மாதம் தூசி தட்டும் தூரிகையைத் தன் காசில் வாங்கி வந்தார்.

தேவனு என்ற மூன்று எழுத்தும் சுண்ணாம்புப் பூச்சுக்கு நடுவே ஒரு முழச் சதுரத்தில் திறந்தபடி இருக்கிறது. அந்த வரி இடப்பக்கத்தில் தொடங்கியிருக்க வேண்டும். இடப்பக்கத் துண்டு இன்னும் சீமெந்துக்குள் இருக்கிறது. வைகாசியில் அதைத் திறப்பதாக முடிவு. மேசன் ஐயா வருகிறார், அந்தப் பிள்ளை வருகிறார். அன்று காலை ஏழு மணியில் இருந்து நானும் அந்தச் சுவரடியில் நிற்பேன்.